வேலை போனதற்குச் சான்று யார் தருவது?

1953-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. பஞ்சாலைகளில் விற்காத சரக்கு தேங்கியிருந்த காலம் அது. ஷிப்டுகள் நிறுத்தப்படும் என்ற அச்சம் பரவியிருந்தது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் அன்று சேர்க்கப்பட்ட அத்தியாயம், லே-ஆஃப் செய்யப்பட்ட தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதியை ஈட்டுத்தொகையாக வழங்கியது. சுதந்திர இந்தியாவில் வேலையிழப்புக்குச் சட்டம் அளித்த முதல் பெரிய காப்பு என்று இதைச் சொல்லலாம். ஆனால் அதே அத்தியாயத்தின் 25-இ பிரிவு ஒரு நிபந்தனையை விதித்தது. வேலை இல்லை என்று ஆலையால் திருப்பி அனுப்பப்பட்டவர், குறித்த நேரத்தில், நாளுக்கு ஒரு முறையேனும் அந்த ஆலைக்கே வந்து வேலைக்குத் தம்மை முன்னிறுத்த வேண்டும். வராத நாளுக்கு ஈட்டுத்தொகை கிடையாது.

இல்லாத வேலைக்காக வாசலில் வந்து நிற்பதே வேலை இல்லை என்பதற்கான சான்றாயிற்று. இந்தியாவில் வேலையிழப்புக் காப்பின் வரலாற்றை வாசிப்பதற்கு இந்தப் பிரிவு நல்ல தொடக்கம்.

அந்த வரலாறு பெரும்பாலும் பணப் பற்றாக்குறையின் வரலாறாகவே சொல்லப்படுகிறது: ஆட்கள் மிகுதி, அரசின் வருவாய் குறைவு, ஆகவே மேலைநாடுகளைப் போன்ற காப்பீடு இங்கே இயலாது. விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணையம் 1931-இல் அளித்த அறிக்கை, தேசிய அளவிலான வேலையின்மைக் காப்பீடு அன்றைய இந்தியாவில் நடைமுறைக்கு உகந்ததன்று என ஒதுக்கியது. தொழிலாளிக்குக் கிராமத்தோடு இருந்த பிணைப்பைப் பேணத்தக்க நன்மை என்றும் அது கருதியது. வேலை போனவருக்குக் கிராமம் இருக்கிறது என்ற எண்ணம் அதன்பின் நெடுங்காலம் நீடித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆவது உறுப்பு வேலையின்மைக் காலத்தில் பொது உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் ‘பொருளாதாரத் திறனின் எல்லைக்குள்’ என்ற வரையறையுடன்தான் பேசுகிறது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டம் நோய், மகப்பேறு, பணியிடக் காயம் ஆகியவற்றுக்குப் பணப்பயன் அளித்தது. வேலையிழப்பு அதில் இடம்பெறவில்லை.

இந்த விளக்கம் தவறன்று. ஆனால் கொஞ்சமேனும் பணம் ஒதுக்கப்பட்ட இடங்களில் நடந்ததை அது விளக்காது. அங்கெல்லாம் வேறொரு கேள்வி எழுந்தது: ஒருவர் வேலையை இழந்தார் என்பதை யாருடைய சொல் உறுதிப்படுத்தும்?

1953-இன் திருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தரவேண்டும் என்றது சட்டம். அதைக் கோர, குறைந்தது ஓராண்டுத் தொடர்பணி வேண்டும். பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்திருந்தால் அது ஓராண்டாகக் கொள்ளப்படும். காலையில் ஆலை வாசலில் காத்திருந்து, வராத நிரந்தரத் தொழிலாளிக்குப் பதிலாக உள்ளே எடுத்துக்கொள்ளப்பட்ட ‘பத்லி’ தொழிலாளிக்கு இந்த எண்ணிக்கைதான் எல்லைக்கோடு. அதைத் தாண்டாதவரை லே-ஆஃப் ஈட்டுத்தொகை இல்லை என்று சட்டம் வெளிப்படையாகவே கூறியது. 240 நாட்களைக் காட்டும் மஸ்டர் ரோலோ முதலாளியிடம் இருக்கும். 2002-இல், வனத்துறை அலுவலர் ஒருவர் மேல்முறையீடு செய்த வழக்கில், 240 நாட்கள் வேலை செய்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையதே என்றும், அவருடைய பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் மற்றொரு தீர்ப்பு இதைச் சற்றே தணித்தது: பொறுப்பு தொழிலாளியுடையதுதான், ஆயினும் அவர் கூண்டில் ஏறிச் சாட்சியம் அளிக்கலாம், பதிவேடுகளை முன்வைக்குமாறு நிர்வாகத்தைக் கோரலாம். நாட்கூலிக்குப் பணி ஆணையோ ஊதியச் சீட்டோ பெரும்பாலும் தரப்படுவதில்லை என்பதையும் நீதிமன்றம் அப்போது கருத்தில் கொண்டது.

இச்சிக்கல் பெரிய அளவில் வெளிப்பட்டது 1980-களின் ஜவுளித்துறை நெருக்கடியில். அகமதாபாத், மும்பை போன்ற நகரங்களில் ஆலைகள் அடுத்தடுத்து நின்றன. 1985-இன் ஜவுளிக் கொள்கையை ஒட்டி, ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டத்தை மத்திய அரசு 1986-இல் தொடங்கியது. நிரந்தரமாக மூடப்பட்ட ஆலையின் தொழிலாளிக்கு முதலாண்டில் ஊதியத்தின் 75 விழுக்காடு, இரண்டாமாண்டில் 50, மூன்றாமாண்டில் 25 என்று படிப்படியாகக் குறையும் உதவி. மூன்றாண்டுகளில் அவர் வேறு வாழ்வாதாரம் தேடிக்கொள்வார் என்பது கணக்கு. இந்திய அளவுகோலில் இது தாராளமான திட்டமே.

தகுதி நிபந்தனைகளில்தான் முடிச்சு விழுந்தது. தொழிலாளி ஐந்தாண்டுத் தொடர்பணி செய்திருக்க வேண்டும். அவருடைய ஊதியம் வரம்புக்குள் இருக்க வேண்டும். அவர் வருங்கால வைப்பு நிதியில் சந்தாதாரராக இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் அவர் நிறைவு செய்திருந்தாலும், ஆலை ‘சட்டப்படி’ மூடப்பட்டிருக்க வேண்டும்: 25-ஓ பிரிவின் கீழ் மாநில அரசின் அனுமதி பெற்றிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் கலைப்பாளரை நியமித்திருக்க வேண்டும். 25-ஓ பிரிவு தொழிலாளரைக் காக்க வந்த பிரிவு. அரசின் இசைவின்றிப் பெரிய ஆலையை மூடக்கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் அனுமதி கேட்காமலே ஓர் ஆலை நின்றுபோக வழிகள் இருந்தன. மின்கட்டணம் செலுத்தப்படாது, பஞ்சு வராது, ஊதியம் நிலுவையில் விழும், ஒருநாள் வாசல் திறக்காது. ‘நலிவுற்ற தொழில்’ என்ற பெயரில் மறுசீரமைப்பு வாரியத்தின் முன் கோப்பு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அந்த ஆலை சட்டத்தின் கண்ணில் மூடப்படவில்லை. ஆகவே அதன் தொழிலாளி வேலையை இழக்கவில்லை. கையில் வேலையும் இல்லை, வேலை போனதற்கான தாளும் இல்லை. அகமதாபாதின் முன்னாள் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய யான் பிரெமனின் ஆய்வு காட்டுவதுபோல், பலர் அதற்குள் நகரத்தின் முறைசாரா வேலைகளுக்குள் கரைந்துவிட்டிருந்தனர்.

இ.எஸ்.ஐ. தொடங்கி 53 ஆண்டுகள் கழிந்து, 2005 ஏப்ரல் 1 அன்று, ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற பெயரில் வேலையின்மைப் படி அதற்குள் வந்தது. தொடக்கத்தில் ஐந்தாண்டுச் சந்தா கேட்கப்பட்டு, ஆறு மாதங்களுக்குப் பாதி ஊதியம் அளிக்கப்பட்டது. பின்னர் நிபந்தனையும் தளர்ந்தது, காலமும் நீண்டது. ஆனால் ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர இயலாமை ஆகிய காரணங்களே ஏற்கப்பட்டன. ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கப்பட்டவர், சட்டத்தின் கண்ணில் தாமாகவே வெளியேறியவர். ஒப்பந்ததாரர் ‘நாளை வரவேண்டாம்’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியவருக்குக் காட்டுவதற்கு எதுவுமில்லை.

2018 ஜூலையில் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா இந்த வாசலைச் சற்று அகலப்படுத்தியது. அளவு சிறியது: சராசரி தின ஊதியத்தில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 90 நாட்கள், வாழ்நாளில் ஒருமுறை. இரண்டாண்டுக் காப்பீட்டுப் பணி, ஒவ்வொரு சந்தாக் காலத்திலும் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா, வேலை போய் 90 நாட்கள் கழிந்திருத்தல், கடைசி முதலாளி வழியாக விண்ணப்பம் என்பன நிபந்தனைகள். இவற்றுள் இறுதியானது கவனிக்கத்தக்கது. வேலையை விட்டு அனுப்பியவரே, தாம் அனுப்பியதை ஒப்புக்கொண்டு, தாளை அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

2020-இன் ஊரடங்கு இந்த ஏற்பாட்டை நிலைகுலையச் செய்தது. அவ்வாண்டு மார்ச் 24 முதல் வேலை இழந்தோருக்குத் தொகை 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. காத்திருப்பு 90 நாட்களிலிருந்து 30 நாட்களாகக் குறைந்தது. சந்தா நிபந்தனை தளர்த்தப்பட்டது. கோரிக்கையைத் தொழிலாளியே நேராக இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றானது. உயர்த்தப்பட்ட தொகையைப் பற்றியே அன்று அதிகம் பேசப்பட்டது. வரலாற்று நோக்கில் பெரிய மாற்றம் கடைசியாகச் சொன்னதுதான். சந்தா விவரம் கழகத்தின் கணினியிலேயே இருந்தது. முதலாளியின் சான்று இன்றியும் சரிபார்க்க முடிந்தது. நெடுங்காலம் இன்றியமையாததாகக் கருதப்பட்ட ஒரு தாள், ஒரு சுற்றறிக்கையில் தேவையற்றதாயிற்று. ஆயினும் இந்த வழியும் இ.எஸ்.ஐ. எண் உடையவருக்கு மட்டுமே திறந்தது. அவ்வாண்டு நெடுஞ்சாலைகளில் நடந்து ஊர் திரும்பியோரில் பெரும்பாலோர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள்.

கிராமப்புறத்திலும் இதே கதைதான். 2005-இன் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி தரவேண்டும் என்றது: முதல் 30 நாட்களுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமலும், அதன்பின் பாதிக்குக் குறையாமலும். வேலை கேட்டதற்குச் சான்று, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு. படியின் செலவு மாநில அரசைச் சார்ந்தது. சீட்டுக் கொடுத்தால் பொறுப்பு தொடங்கும். கொடுக்காவிட்டால் யாரும் வேலை கேட்கவே இல்லை. பல மாநிலங்களில் தொழிலாளர் அமைப்புகள் கூலிக்கு நிகராக இந்தச் சீட்டுக்காகவும் போராட நேர்ந்தது இதனால்தான்.

ஆலை வாசலில் வந்து நின்ற 1953-இன் தொழிலாளியிலிருந்து ஒப்புகைச் சீட்டுக்கு நின்ற கிராமத்துப் பெண் வரை, கோருபவரிடம் கேட்கப்பட்ட சான்று எப்போதும் மற்றவர் கையில் இருந்தது. அந்த மற்றவருக்கு அதைத் தராமலிருப்பதில் ஆதாயமும் இருந்தது. வேலையிழப்புக் காப்பைப் பற்றிய விவாதங்கள் ‘எவ்வளவு’, ‘எத்தனை நாள்’ என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. ‘சான்று யாரிடம் இருக்கிறது’ என்று கேட்காமல் வகுக்கப்படும் திட்டத்தில் தொகை எவ்வளவு உயர்ந்தாலும், அது தாள் உள்ளவரோடு நின்றுவிடும்.