குரு இல்லாத காலத்தில் பிறந்த குருமடம்

யாழ்ப்பாணத்துக் குருமடம் பிறந்த ஆண்டு எது என்று என்னைக் கேட்டால், 1658 என்றுதான் சொல்வேன். அந்த ஆண்டில் எந்தக் கட்டடமும் எழவில்லை. ஒரு மாணவனும் சேரவில்லை. நடந்தது நேர்மாறானது. யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. போர்த்துக்கேயரோடு கத்தோலிக்கக் குருக்களும் வெளியேற்றப்பட்டார்கள். குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தால் உயிர் போகும் என்று கட்டளை பிறந்தது.

அதுவரை கோயிலும் பூசையுமாக இருந்த ஊர்களில், சாகக் கிடக்கிறவருக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கக்கூட ஆளில்லாமல் போயிற்று. காரணம் எளியது. அந்தக் குருக்களை அனுப்பி வைத்தது ஓர் அரசு; அரசு போனபோது அவர்களும் போனார்கள். சில்லாலையிலோ ஊர்காவற்றுறையிலோ பிறந்த பிள்ளையைக் குருவாக்கும் ஏற்பாடு இங்கே வேர் பிடித்திருக்கவில்லை. பின்னால் எழுந்த குருமடங்கள் எல்லாம் அந்த ஒரு குறையை நிரப்ப எழுந்தவை என்றே நான் நினைக்கிறேன்.

சனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஊர் மூப்பர்மார் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தை 1670இல் சில குடும்பங்கள் மடுக்காட்டுக்குச் சுமந்துகொண்டு போனதும் இந்தக் காலத்தில்தான். கலியாணமும் பிறப்பும் ஒல்லாந்தரின் பதிவில் ஏறினால்தான் சொத்துரிமை நிற்கும் என்பதால் பலர் அவர்களுடைய பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பதிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து தங்கள் செபத்தைத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். செபத்துக்கு ஆள் இருந்தது. பூசைக்கு இல்லை. கத்தோலிக்க வழக்கில் அபிஷேகம் பெற்ற குருவின் கை இல்லாமல் நற்கருணை இல்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

1687இல் தூத்துக்குடியிலிருந்து ஒரு தோணியில் கூலியாள் வேடத்தில் ஒருவர் வந்திறங்கினார். கால்களில் செருப்பில்லை. வயிற்றுக்கடுப்பால் நடக்கவும் முடியாமல் கிடந்தவருக்கு ஒரு பெண் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து ஊற்றினாள் என்று அவர் வரலாறு சொல்கிறது. உடம்பு தேறியதும் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டில் முகம் மாறுகிறதோ அந்த வீடு கத்தோலிக்க வீடு. அவர்தான் யோசேப் வாஸ் அடிகளார். சில்லாலை அவருக்கு ஒளிவிடமும் தலைமையிடமும் ஆயிற்று.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வாஸ் அடிகளார் கோவாக்காரர். அங்கேயே படித்து 1676இல் குருவானவர். அவர் சேர்ந்திருந்த ஒரட்டோரியன் குழு கோவாவில் இந்தியக் குருக்களாலேயே ஆனது. ஐரோப்பியர் ஒருவர் கூலியாள் வேடம் போட்டிருந்தால் கரை ஏறும்போதே பிடிபட்டிருப்பார். இவருடைய நிறமும் நடையும் உணவும் இவரைக் காத்தன. தமிழையும் கற்றுக்கொண்டார். எங்கோ ஓரிடத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளைக் குருக்களாக்கிப் பார்த்ததன் பலன், கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்தது. குருமடம் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பின்னே கோவாவிலிருந்து குருக்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். எங்கள் வீட்டில் தபசு காலத்து இரவுகளில் அம்மம்மா பாயில் சம்மணமிட்டு, விளக்கைத் தூண்டிவிட்டு, கொன்சால்வெஸின் ‘வியாகுலப் பிரசங்கம்’ வாசிப்பார். வாசிப்பு என்று அதைச் சொல்லக்கூடாது. அது ஒப்பாரிக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓர் இராகம். மாதாவின் துயரம் வரும் இடத்தில் அவர் குரல் உடையும், சேலைத் தலைப்பு கண்ணுக்குப் போகும். அதை எழுதியவரின் தாய்மொழி தமிழ் அல்ல என்பது அம்மம்மாவுக்குத் தெரிந்திருக்காது. எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆனால் அந்தக் குருக்களும் வந்துபோகிறவர்கள்தான். பிள்ளைகளை இங்கேயே வளர்த்தெடுக்கும் குருமடம் அப்போதும் எழவில்லை. எழ விட்டிருக்கவும் மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் முதலில் குருமடம் என்ற பெயருக்கு உரிய ஒன்றைத் தொடங்கியவர்கள் ஒல்லாந்தரே. தங்கள் சீர்திருத்த சபைக்கு உபதேசிமாரும் போதகர்களும் வேண்டும் என்று 1690இல் நல்லூரில் அதை நிறுவினார்கள். அது நீடிக்கவில்லை. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, டானியல் பூவர் தலைமையில் வேறொரு பெரிய கதையாக வளர்ந்து 1855இல் மூடப்பட்டது. உள்ளூர்ப் பிள்ளையைப் படிப்பித்தால்தான் எந்த மதமும் இந்த மண்ணில் நிற்கும் என்பதை மற்றவர்கள் முந்திக் கண்டுகொண்டார்கள். கத்தோலிக்கர் இதை மறைக்க வேண்டியதில்லை.

செமினரி என்ற சொல் இலத்தீனில் நாற்றுமேடையைக் குறிக்கும். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் ஒரு குருமடம் வேண்டும் என்று சட்டம் செய்தபோது அந்தச் சொல்லைத்தான் எடுத்தாண்டது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. மிளகாய்க்கும் புகையிலைக்கும் மேடை போடுகிறவர் மண்ணைப் புட்டுப்போல உடைத்து, எருவிட்டு, வெயில் படாமல் கிடுகால் மறைப்புக் கட்டி, தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளிப்பார். நாற்று நிமிர்ந்த பிறகே தோட்டத்துக்குப் போகும். தமிழில் நம்மவர்கள் வைத்த பெயர் வேறு திசையில் போகிறது. ‘குரு’, ‘மடம்’ என்ற இரண்டும் சைவ மரபில் ஊறிய சொற்கள். அந்தப் பெயரைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த ஒரு துணிவு.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகள் நீங்கின. 1847இல் ஒராசியோ பெத்தக்கீனி ஆண்டகையின் பொறுப்பில் யாழ்ப்பாணம் தனி ஆட்சிப் பகுதியாயிற்று. ஊர்கள் நிறைய, குருக்கள் மிகக் குறைவு. அவர் ஆள் தேடிப் பிரான்சுக்குப் போனார். மார்செய் நகரில் ஆயர் யூஜின் தெ மசெனோ அவர் சொன்னதைக் கேட்டார். தாம் நிறுவிய அமலமரித் தியாகிகள் சபையிலிருந்து செமேரியா அடிகள் தலைமையில் சிலரை அனுப்பினார். 1847 நவம்பர் 28இல் அவர்கள் காலியில் கரை இறங்கினார்கள். அதன் பின் நூறு ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணத் திருச்சபையின் கைகால் அந்தச் சபைதான்.

அவர்களில் கிறிஸ்தோப் பொஞ்சீன் ஆண்டகையைச் சொல்லாமல் போக முடியாது. பிரான்சிலிருந்து முதலில் தமிழ்நாட்டுக்கு வந்து பணியாற்றி, பிறகு யாழ்ப்பாணம் வந்தவர். 1868இல் ஆயரானார். பள்ளிக்கூடம், அச்சகம், அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி என்று ஓயாமல் கட்டினார். அவர் காலத்தில் 1876இல் ‘பாதுகாவலன்’ பத்திரிகை பிறந்தது. இந்த மண்ணிலேயே படித்தவர்கள் வேண்டும் என்ற எண்ணம் இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடியது. யாழ்ப்பாண நகரில் புனித மடுத்தீனார் பெயரால் நிற்கும் சிறிய குருமடம் அந்த எண்ணத்தின் பிள்ளை. மார்ட்டின் என்ற பெயர் போர்த்துக்கேய நாக்கு வழியாக நம்மிடம் மடுத்தீன் ஆகியது. இன்றும் அப்படியே அழைக்கிறோம்.

1893 ஜூன் 24இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் ஒரு சுற்றுமடல் எழுதினார். இந்தியத் துணைக்கண்டத்தின் திருச்சபைக்கு அந்நாட்டுக் குருக்களே தூணாக வேண்டும் என்பது அதன் சாரம். வெளிநாட்டவருக்கு இங்குள்ள மொழியும் வழக்கமும் கைவர நாளாகும். வருகிறவர்களின் தொகையும் போதாது. நாளைக்கு அரசியல் மாறி அவர்கள் துரத்தப்பட்டால் மக்களின் கதி என்ன என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சில்லாலை நினைவுக்கு வரும். உரோமாபுரியில் அச்சமாக எழுதப்பட்டதை யாழ்ப்பாணம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்துத் தீர்த்திருந்தது.

அந்த மடலோடு கண்டி அம்பிட்டியவில் திருத்தந்தையின் பெயரிலேயே ஒரு பெரிய குருமடம் தொடங்கியது. பெல்ஜியத்து இயேசு சபையினர் அதை நடத்தினார்கள். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் பையன்கள் கப்பலேறி வந்தார்கள். 1955இல் அது புனேக்கு இடம் மாறியது. அதே வளவில் இலங்கைத் தேசியக் குருமடம் எழுந்தது. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே மேசையில் சாப்பிட்டு ஒரே வகுப்பில் படித்த இடம் அது.

யாழ்ப்பாணத்துக் குருமடம் வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1875இல் மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் வைத்திலிங்கம் என்ற பெயரோடு பிறந்தவர். பின்னர் கத்தோலிக்கராகி ஞானப்பிரகாசம் ஆனவர். புகையிரதத் திணைக்களத்தில் எழுதுவினைஞர் வேலை. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகம் என்றால் சீதனம் வாசல் தேடி வரும். அதை உதறிவிட்டு 1895இல் குருமடம் புகுந்தார். 1901இல் குருவானார். சைவத்தின் நெஞ்சு என்று சொல்லத்தக்க நல்லூரிலேயே இருந்து பணி செய்தார். 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ வந்தது. 1938இல் அவருடைய சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியின் முதற் பகுதி வெளியாயிற்று. ஒரு சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு மொழி மொழியாக நடந்தவர் சுவாமி ஞானப்பிரகாசர். வேர்ச்சொல் ஆய்வில் அவர் வழியில் நடந்த தாவீது அடிகள், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிவதைப் புனித பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து கண்டு, அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். உள்ளூர்க் குருக்கள் வந்ததால் யாழ்ப்பாணத்துக்குப் பூசை மட்டுமா கிடைத்தது?

கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகளும் கொழும்புக் குருமடத்திலும் உரோமாபுரியிலும் படித்து 1938இல் குருவானவர்தான். உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அவர் உழைப்பில் பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு, யாழ்ப்பாணத்துக்கு ஒரு தமிழர் ஆயராக வர 1950 ஆயிற்று. எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை. 1847இலிருந்து எண்ணினால் நூற்று மூன்று ஆண்டுகள். அந்தப் பிரெஞ்சுக் குருக்களின் உழைப்பை நான் கைகூப்பி ஏற்கிறேன். இங்கேயே எலும்பைப் புதைத்தவர்கள் அவர்கள். ஆனாலும் பொறுப்பைக் கைமாற்ற இவ்வளவு காலம் எடுத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பலிபீடத்தில் இலத்தீன் போய்த் தமிழ் வந்தது. தமிழில் பூசை வைக்கிறவர் இறையியலையும் தமிழ் மண்ணில் நின்று சிந்திக்க வேண்டாமா? கொழும்புத்துறையில் புனித பிரான்சிஸ் சவேரியார் பெரிய குருமடம் அப்படி எழுந்தது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என்று வடக்குக் கிழக்கு மறைமாவட்டங்களின் பிள்ளைகள் அங்கே கூடிப் படிக்கிறார்கள்.

‘சாமிக்குப் படிக்கிறான்’ என்று ஊரில் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. சிறிய குருமடத்தில் பாடசாலைப் படிப்பும் செபப் பழக்கமும். பிறகு பெரிய குருமடத்தில், திருச்சபைச் சட்டப்படி குறைந்தது இரண்டு ஆண்டு மெய்யியல், நான்கு ஆண்டு இறையியல்: விவிலியம், அறநெறி, வழிபாடு, திருச்சபை வரலாறு. இடையே ஒரு காலம் பங்குகளில் களப்பணி. வார இறுதியில் வெள்ளை அங்கியோடு சைக்கிளில் வரும் ‘பிரதர்’மார் மறைக்கல்வி வகுப்பு எடுப்பார்கள், பாடற்குழுவைப் பழக்குவார்கள், பெடியங்களோடு பந்தும் அடிப்பார்கள். அறிவு, ஆன்மிகம், மேய்ப்புப்பணி என்பவற்றுக்கு முன்னால் மனிதனாக வளர்தலை அடித்தளமாக வைக்கச் சொன்னது 1992இல் வந்த திருத்தந்தை 2ஆம் அருள் சின்னப்பரின் மடல். அந்த வரிசையில் எனக்கு முழு உடன்பாடு.

போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது. 1658இல் நடந்தது மீண்டும் நடந்திருக்கலாம். நடக்கவில்லை, ஏனென்றால் இந்த முறை குருக்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது அவர்களும் சனத்தோடு நடந்தார்கள். வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகள் 1985 ஜனவரியில் கொல்லப்பட்டார். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகள் 2006 ஓகஸ்டில் காணாமற்போனார். 2009 மே 18இல், கடைசிவரை மக்களோடு முள்ளிவாய்க்காலில் நின்ற சரத்ஜீவன் அடிகள் உயிரிழந்தார். அதே நாளில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் ஜோசப் அடிகள் இன்னும் திரும்பவில்லை. அவர்கள் நின்றதற்கு வெளியிலிருந்து வந்த கட்டளை எதுவும் காரணமல்ல. தாய் தகப்பன் இருக்கிற இடத்தில் பிள்ளை நின்றது.

பேராலயத்தில் குருத்துவ அபிஷேகம் நடக்கும்போது, குருவாகப் போகிறவர்கள் பலிபீடத்துக்கு முன்னால் தரையில் முகங்குப்புறக் கிடப்பார்கள். வெள்ளை உடுப்பு, நெற்றியின் கீழ் மடித்த கைகள், வெறும் பாதங்கள். முன்வரிசையில் தாய்மார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். புனிதர்களின் மன்றாட்டுமாலை தொடங்கும். ஒவ்வொரு பெயராக அழைக்க, கோயில் முழுவதும் பதில் சொல்லும். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்த பிறகு, அந்த வரிசையில் யோசேப் வாஸ் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெயர் வரும்போது சில்லாலைச் சனம் நிற்கிற பக்கத்திலிருந்து பதில் கொஞ்சம் உரக்கவே வரும்.