தையற்காரர் மகன் ஆந்திரேயாவும் எங்கள் மாற்கு மாஸ்டரும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுக்கும் பிள்ளைகள் லியனார்டோ டாவின்சி, மைக்கலாஞ்சலோ, ரபாயல் என்று பாடமாக்குகிறார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய அந்த இத்தாலிக்காரர் எந்த ஊரில் பிறந்தார், யாரிடம் படித்தார் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் எங்கள் கடைத்தெருவில் பெயர்ப்பலகை எழுதியவர் யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அது பிள்ளைகளின் குற்றமல்ல. அங்கே எழுதி வைத்தார்கள், இங்கே எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான்.

அங்கே எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ஜோர்ஜியோ வசாரி. 1511இல் அரெஸ்ஸோ என்ற ஊரில் பிறந்தவர். அவரும் ஓவியர்தான், கட்டடக் கலைஞரும் கூட. புளோரன்ஸ் நகரில் இன்று உலகமே போய்ப் பார்க்கும் உபிசி கட்டடத்தைத் திட்டமிட்டவர் அவரே. ஆனால் அவருடைய ஓவியங்களைவிட அவர் எழுதிய புத்தகம்தான் பெரிய பெயர் எடுத்தது. ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் கேட்டு, பழைய ஓவியங்களைப் பார்த்து, தனக்கு முந்திய இருநூற்றைம்பது வருடத்துக் கலைஞர்களின் வாழ்க்கையை எழுதினார். 1550இல் முதற்பதிப்பு வந்தது. 1568இல் அதைப் பெருப்பித்து மறுபடி வெளியிட்டார்.

அவர் எழுதியதெல்லாம் சரியா என்றால், இல்லை. ஆந்திரேயா தெல் கஸ்தாஞ்ஞோ என்ற ஓவியர் பொறாமையால் தன் கூட்டாளி தொமெனிக்கோ வெனெசியானோவைக் கொன்றுவிட்டார் என்று வசாரி எழுதி வைத்தார். முந்நூறு வருடமாக உலகம் அதை நம்பியது. பிறகு ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது உண்மை வெளிவந்தது. கஸ்தாஞ்ஞோ இறந்தது 1457இல். கொல்லப்பட்டதாகச் சொன்ன தொமெனிக்கோ இறந்தது 1461இல். செத்தவன் எப்படி வந்து கொலை செய்வான்? ஒரு மனிதன் மேலிருந்த பழி அப்படித்தான் நீங்கியது. எழுத்தில் இருந்தபடியால்தான் அந்தப் பிழையைத் திருத்த முடிந்தது. எழுதாமல் விட்டதில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பெரிய ஓவியர்களெல்லாம் அரண்மனைப் பிள்ளைகள் இல்லை. ஆந்திரேயா தெல் சார்த்தோ என்றொருவர் இருந்தார். பெயருக்கு அர்த்தமே தையற்காரரின் ஆந்திரேயா என்பதுதான். அவருடைய வாப்பா தையற்காரர். தின்தொரேத்தோ என்றால் சின்னச் சாயக்காரன். தகப்பன் துணிக்குச் சாயம் போடுபவர். பொத்திச்செல்லியின் தகப்பன் தோல் பதனிடுபவர். பிலிப்போ லிப்பியின் தகப்பன் இறைச்சிக் கடைக்காரர். புளோரன்ஸ் ஓவியர்கள் மருத்துவர், மருந்துக் கடைக்காரர் சங்கத்தோடுதான் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் வர்ணப் பொடியும் மருந்துக் கடையில்தான் விலைப்பட்டது. சிறு வயதிலேயே பட்டறையில் சேர்ந்து, வர்ணம் அரைத்து, தூரிகை கழுவி, பிறகுதான் வரையப் பழகினார்கள். தையல் மெசினோடும் இரும்புக் கடையோடும் தச்சுப் பட்டறையோடும் வளர்ந்த எங்களுக்கு இது அந்நியமான கதையா?

எங்கள் பக்கத்துப் பங்கும் அதற்குள் இருக்கிறது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பார்வையும் ஒளியும் பற்றி 11ஆம் நூற்றாண்டில் அரபியில் ஒரு பெருநூல் எழுதினார். அது இலத்தீனுக்குப் போய், 14ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழிக்கும் வந்தது. புளோரன்ஸின் புகழ்பெற்ற வெண்கலக் கதவுகளைச் செய்த கிபெர்த்தி தன் குறிப்பு நூலில் அதைத் தாராளமாக எடுத்தாண்டிருக்கிறார். அவர்கள் பொன் விலைக்குச் சமமாக மதித்த நீல வர்ணம் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைக் கல்லிலிருந்து வந்தது. அல்ட்ராமரைன் என்ற பெயருக்குப் பொருளே கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்பதுதான். 1479இல் சுல்தான் முஹம்மது அல் பாத்திஹ் கேட்டதற்கு இணங்க வெனிஸ் அரசு ஜென்தீலே பெல்லினி என்ற ஓவியரை இஸ்தான்புலுக்கு அனுப்பியது. உருவம் வரைவது பற்றி எங்களுக்குள் மார்க்கக் கருத்து வேறுபாடுகள் உண்டு. அதை ஆலிம்களிடம் விடுவோம். நான் சொல்வது வரலாறு.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். 1900இல் பிறந்த டேவிட் பெயின்ரர், தகப்பன் வெள்ளையர், தாய் சிங்களவர். லண்டன் றோயல் அக்கடமியில் படித்து, புலமைப்பரிசிலோடு இத்தாலிக்குப் போய் அங்குள்ள சுவரோவியங்களை நேரில் பார்த்துப் பழகியவர். திரும்பி வந்து கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயச் சுவர்களில் வரைந்தார். விஷயம் பைபிள், ஆனால் சுவரில் தெரியும் முகமும் மரமும் இந்த நாட்டுடையவை. பிறகு கொழும்பில் அரசினர் நுண்கலைக் கல்லூரியின் அதிபரானார்.

அந்தக் கல்லூரியில் படித்து வந்தவர்தான் குருநகரில் 1933இல் பிறந்த அ. மாற்கு. அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை 1938இல் ஓவியர் கழகமொன்றைத் தொடங்கி, நாட்டின் தலைமைச் சித்திர வித்தியாதரிசியாக இருந்த வின்சரின் பெயரை அதற்கு வைத்திருந்தார். மாற்கு மாஸ்டர் அந்த வழியை இன்னும் அகலமாக்கினார். விடுமுறைக் கால ஓவியர் கழகம் என்று பிள்ளைகளைச் சேர்த்து வரையப் பழக்கினார். தன் பாணியை அவர்கள் மேல் திணிக்கவில்லை. அவரிடம் பழகியவர்களில் பல பெண்கள் பெயர் சொல்லும் ஓவியர்களாக வந்தார்கள்.

அவருடைய ஓவியங்கள் எங்கே? பெரும்பகுதி போரிலும் இடப்பெயர்விலும் தொலைந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு அவரும் கண்மூடினார். ஆனால் 1987இல் அவரைச் சூழ இருந்தவர்கள் சேர்ந்து ‘தேடலும் படைப்புலகமும்’ என்றொரு மலரை வெளியிட்டிருந்தார்கள். இன்றைக்கு மாற்குவைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தைத்தான் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். படம் போய்விட்டது, பதிவு நின்றது.

இத்தாலியிலும் இழப்பு இருந்தது. 1944 மார்ச்சில் பதுவா நகரில் விழுந்த குண்டில் மந்தேஞ்ஞா என்ற பெரிய ஓவியரின் சுவரோவியங்கள் ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறின. அந்தத் துண்டுகளைப் பெட்டிகளில் பொறுக்கி வைத்தார்கள். யுத்தத்துக்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன. அந்தப் படங்களை வைத்துக் கணினி மூலம் துண்டுகளை இடம் பார்த்துப் பொருத்தினார்கள். முழுதாக வரவில்லை. ஆனாலும் எது எங்கே இருந்தது என்று தெரிகிறது.

எங்களுக்கு 1981இல் நூலகம் எரிந்தது, 97,000 வரையான புத்தகங்களோடு. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டி வந்தது. கையில் எடுத்தது எவ்வளவென்று எங்கள் வீட்டு மூத்தவர்களுக்குத் தெரியும். கலியாணப் படங்களும் தொழில் கணக்குக் கொப்பிகளும் உம்மாமார் தைத்த பூவேலைத் துணிகளும் வீட்டோடு நின்றுவிட்டன. யாழ்ப்பாண ஓவியர் த. சனாதனன் இடம்பெயர்ந்த மக்களை அவரவர் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்லி, 2011இல் ‘இன்கொம்பிளீற் தோம்பு’ என்ற நூலாக ஆக்கினார். வாசல் எங்கே, கிணறு எங்கே, அடுப்படி எங்கே என்று கோடு போட்டுக் காட்டுவதும் வரலாறுதான் என்பதை அதைப் பார்த்தால் விளங்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எழுபது வயதைத் தாண்டிய ஒரு தொழிலாளி இருப்பார். தையற்காரர், தச்சர், பித்தளை வேலை செய்தவர், பெயர்ப்பலகை எழுதியவர், பள்ளிவாசல் சுவரில் அரபு எழுத்து எழுதியவர், பூவேலை தைத்த உம்மம்மா, யாராகவும் இருக்கலாம். அவரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். எப்போது பிறந்தார், தொழிலை யாரிடம் பழகினார், எந்த இடத்தில் வேலை செய்தார், யாருக்குப் பழக்கினார், அவர் செய்த வேலை இன்னும் எங்கே இருக்கிறது. அவருடைய குரலைப் போனில் பதியுங்கள், வேலையைப் படமெடுங்கள், ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். தமிழ், முஸ்லிம் என்று பிரிக்காமல் எழுதுங்கள். ஒரே தெருவில்தான் அவர்கள் வேலை செய்தார்கள்.

பிழை வந்தால் வரட்டும். வசாரிக்கே வந்தது. பின்னால் வரும் பிள்ளைகள் திருத்திக்கொள்வார்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் எழுதப்படாத ஒரு புத்தகம் மண்ணுக்குள் போகிறது.