வாய் திறக்காமல் பார்த்தவர்கள்: ‘போர்ட்டல்’ புதிர்க் களங்களின் கதை

கணினி விளையாட்டுக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று சில ஆசிரியர்கள் புருவத்தை உயர்த்தலாம். கொஞ்சம் பொறுமையா படிங்க, நம்ம வேலையும் இதில் இருக்கிறது. ஒருவர் புதிர் போடுகிறார்; இன்னொருவர் அதில் மாட்டிக்கொண்டு விழிக்கிறார். குறை யாரிடம்? மாட்டிக்கொண்டவரிடமா, புதிர் போட்டவரிடமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இயங்கும் வால்வ் நிறுவனம் 1998-இல் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டை வெளியிட்டது. அதைத் தயாரிக்கும்போதே வெளியாட்களைக் கூப்பிட்டு விளையாடச் சொன்னார்கள். அந்தப் பகுதியின் களத்தை, அதாவது அந்தத் துறையில் ‘மேப்’ என்று சொல்வதை, வடிவமைத்தவரும் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆனா வாயைத் திறக்கக்கூடாது. “அந்தப் பக்கம் பாருங்க” என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லக்கூடாது. அங்கு வேலை செய்த கென் பேர்ட்வெல் இதைப் பற்றிப் பின்னர் எழுதினார். இரண்டு மணி நேர அமர்வு ஒன்றில் திருத்த வேண்டியவை நூறு அளவுக்குக் கிடைக்குமாம்; அப்படி 200-க்கும் மேற்பட்ட அமர்வுகள் நடந்தன. தனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்த விடை அடுத்தவருக்குக் கொஞ்சமும் தெரியவில்லை என்பதை இருபது நிமிடம் மௌனமா உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு கூச்சமான அனுபவம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றவர்களுக்கு அந்தக் கூச்சம் நல்லாவே புரியும்.

2005-இல், ரெட்மண்ட் நகரத்து டிஜிபென் கல்லூரி மாணவர்கள் ‘நார்பாகுலர் டிராப்’ என்ற சிறிய விளையாட்டைச் செய்தார்கள். நிலவறையில் சிக்கிய ஓர் இளவரசி. அவளால் குதிக்க முடியாது. ஆனால் சுவரிலும் தரையிலும் இரண்டு வாசல்களைத் திறக்கலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளியே வரலாம். வால்வ் நிறுவனத்தார் இதைப் பார்த்தார்கள். அந்த மாணவர் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2007 அக்டோபரில் கிம் சுவிஃப்ட் தலைமையில் ‘போர்ட்டல்’ வெளிவந்தது.

இதில் இயற்பியல்தான் புதிரின் உயிர். உயரத்திலிருந்து தரையிலுள்ள வாசலுக்குள் குதித்தால், சுவரிலுள்ள வாசல் வழியாக அதே வேகத்தில் பக்கவாட்டில் பறந்து வெளியே வருவோம். நடந்து போக முடியாத பள்ளத்தை இப்படித்தான் தாண்ட வேண்டும். தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விளையாட்டில் இதை உந்தம் மாறாமை என்று சொல்கிறார்கள். அதை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடாதீங்க. உந்தத்துக்குத் திசையும் உண்டு. இங்கே வேகத்தின் அளவு மட்டும்தான் மாறாமல் இருக்கிறது, திசை மாறிவிடுகிறது. தரையில் ஒரு வாசல், அதற்கு நேர் மேலே கூரையில் இன்னொன்று வைத்தால் விழுந்துகொண்டே இருக்கலாம். அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வகுப்பில் கேட்டுப் பார்க்க நல்ல கேள்வி.

இந்த விளையாட்டையும் ஆட்களை உட்காரவைத்துத்தான் செதுக்கினார்கள். வடிவமைப்பாளர்கள் பேசிய குரல் குறிப்புகள் விளையாட்டுக்குள்ளேயே இருப்பதால், எது ஏன் மாறியது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்கலாம். அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் காலுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விளையாடியவர்கள் கேட்டார்கள். அதனால் கதாநாயகி செல்லின் கால்களில் வளைந்த உலோக ஸ்பிரிங் பொருத்தினார்கள்.

எனக்குப் பிடித்தது 17-ஆம் அறையின் கதை. அந்த அறையில் ஒரு பெட்டியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கூடவே தூக்கிப் போனால்தான் புதிர் அவிழும். விளையாடியவர்களோ பெட்டியைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் வழி தெரியாமல் தவித்தார்கள். “பெட்டியை மறக்காதே” என்று ஒரு பலகை வைத்திருக்கலாம். பெரும்பாலும் நாம் அதைத்தான் செய்வோம், கேள்விக்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு சேர்ப்போம். அவர்கள் பெட்டியின் பக்கங்களில் இதயம் வரைந்தார்கள். இது உன் தோழன் என்று விளையாட்டின் குரல் அறிவிக்கும்படி வசனம் எழுதினார்கள். அவ்வளவுதான், யாரும் அதை விட்டுப் போகவில்லை. கடைசியில் அந்தத் தோழனை எரிகுழியில் போடச் சொல்வார்கள், மனசு கேட்காது. அதிலும் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. இறுதிக் கட்டத்தில் எதிரியான கிளாடோஸின் பாகங்களை எரிகுழியில்தான் போட்டு அழிக்க வேண்டும். அதற்கான பயிற்சியை விளையாடுபவர் அறியாமலேயே இங்கே முடித்துவிடுகிறார்.

2011-இல் ‘போர்ட்டல் 2’ வந்தது. அதில் வரும் வழுக்கும், துள்ளவைக்கும் வண்ணக் கூழ்களும் இன்னொரு டிஜிபென் மாணவர் குழுவின் யோசனைதான். 2012 மே மாதம் நிலைமை தலைகீழானது. யார் வேண்டுமானாலும் அறைகளை வடிவமைத்துப் பகிரலாம் என்று ஒரு கருவியை விளையாட்டுக்குள்ளேயே கொடுத்தார்கள். மற்றவர்கள் விளையாடிப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். அதே ஆண்டில், ஆசிரியர்கள் இயற்பியல் வகுப்பில் இந்தக் கருவியைப் பயன்படுத்துவதற்கென்று தனித் திட்டமும் வந்தது.

இப்போது புதிர் போடுபவர்களே பல்லாயிரம் பேர். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வசதி அவர்களுக்கு இல்லை, விளையாடியவர்கள் எழுதி அனுப்புவதுதான் ஒரே வழி. அது முழுசா நம்பக்கூடியது இல்லை என்பது என் கருத்து. “கஷ்டமா இருக்கு” என்று சொல்பவருக்குத் தான் எங்கே வழி தவறினோம் என்பது பெரும்பாலும் தெரியாது. இருந்தாலும் காது கொடுத்தவர்கள் உண்டு. ‘போர்ட்டல் ஸ்டோரீஸ்: மெல்’ என்பது ரசிகர்களே உருவாக்கி 2015-இல் இலவசமாக வெளியிட்ட விளையாட்டு. கதை நல்லா இருக்கு, புதிர்தான் ரொம்பக் கடினம் என்று பலர் குறைப்பட்டார்கள். குழுவினர் புதிர்களை எளிதாக்கி, கதைக்காக விளையாடுபவர்களுக்கென்று இன்னொரு வடிவத்தையும் சேர்த்தார்கள். பழைய கடினமான அறைகளையும் அழிக்கவில்லை. இரண்டில் எது வேண்டும் என்பதை விளையாடுபவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.