மைதானம் மாறினால் சத்தம் போய்விடுமா?

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகள் உண்டு. ஒன்று, உலகம் முழுக்கத் தெரிந்த லிவர்பூல். இன்னொன்று, அதைவிட வயதில் மூத்த எவர்டன். 2025 வரை இவை இரண்டின் மைதானங்களுக்கும் நடுவில் இருந்தது ஸ்டான்லி பார்க் என்ற ஒரு பூங்காதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். லிவர்பூலின் கோட்டை என்று எல்லோரும் சொல்லும் ஆன்ஃபீல்டு மைதானத்தில் முதலில் குடியிருந்தது யார் தெரியுமா? எவர்டன்!

இது ஒரு பங்காளிச் சண்டைக் கதை. 1878ல் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் ஆரம்பித்த அணி அடுத்த வருடமே எவர்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1884ல் ஆன்ஃபீல்டுக்கு வந்தது. 1891ல் அங்கே இருந்தபடியே லீக் பட்டத்தையும் வென்றது. மைதானத்தின் சொந்தக்காரர் ஜான் ஹோல்டிங், மதுபானம் காய்ச்சி விற்ற பணக்காரர், கிளப்பின் தலைவரும் அவரே. வாடகையை 100 பவுண்டிலிருந்து 250 பவுண்டுக்கு ஏற்றினார். இடத்தை விற்பது பற்றியும் தகராறு. கடைசியில் ஜார்ஜ் மாஹன் என்பவர் தலைமையில் பெரும்பாலான உறுப்பினர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறி, பூங்காவின் மறுபக்கம் ஒரு வயலைச் சமன்படுத்தி குடிசன் பார்க் என்ற புது மைதானத்தைக் கட்டினார்கள். 1892 ஆகஸ்ட் 24 அன்று அது திறக்கப்பட்டது. காலி மைதானத்தை வைத்துக்கொண்டு ஹோல்டிங் என்ன செய்வார்? புதிதாக ஒரு அணியை ஆரம்பித்தார். அதுதான் லிவர்பூல்.

ஆக, குடிசன் பார்க்கே ஒரு வீடு மாற்றத்தில் பிறந்ததுதான். பிற்காலத்தில் "இந்த மண்ணை விட்டுப் போகவே கூடாது" என்று வாதாடியவர்களில் பலர் இதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

ஆனால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 133 வருடங்களில் அந்த இடம் அப்படி ஆகிப்போயிருந்தது. சுற்றிலும் ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஒரு மூலையில் இரண்டு கேலரிகளுக்கு நடுவே செயின்ட் லூக் தேவாலயம் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். ஆர்ச்சிபால்ட் லீச் என்ற ஸ்காட்லாந்துக்காரர் (அந்தக் காலத்தில் பிரிட்டனின் பாதி மைதானங்களை இவர்தான் கட்டினாரோ என்று தோன்றும்!) வடிவமைத்த புல்லன்ஸ் ரோடு கேலரி 1926லும் கிளாடிஸ் தெரு கேலரி 1938லும் வந்தவை. தரை பல இடங்களில் மரப்பலகை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் காலால் தட்டினால் கட்டிடமே முரசு மாதிரி அதிரும். தாழ்வான கூரை சத்தத்தை மேலே விடாமல் மைதானத்துக்குள்ளேயே திருப்பி அடிக்கும். முன்வரிசைக்காரர் கையை நீட்டினால் பந்தை எறிய வரும் ஆட்டக்காரரைத் தொட்டுவிடலாம் என்கிற தூரம்.

1985 ஏப்ரல் 24 இரவைப் பற்றி எவர்டன் ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். ஐரோப்பிய கோப்பை வென்றோர் கோப்பையின் அரையிறுதி, எதிரணி பயர்ன் மியூனிக். முதல் ஆட்டம் ஜெர்மனியில் கோல் இல்லாமல் முடிந்திருந்தது. இங்கே இடைவேளையில் பயர்ன் 1-0 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் கிளாடிஸ் தெருப் பக்கம் தாக்கி ஆட வேண்டும். பந்தை அந்தக் கூட்டமே கோலுக்குள் உறிஞ்சிவிடும் என்கிற மாதிரி மேனேஜர் ஹாவர்ட் கெண்டல் ஆட்டக்காரர்களிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஷார்ப், கிரே, ஸ்டீவன் என்று மூன்று கோல்கள் விழுந்தன. 3-1. எவர்டன் இறுதிக்குப் போய்க் கோப்பையையும் வென்றது.

இப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டுப் போகலாமா என்பதுதான் கேள்வி. கேட்டவுடன் "கூடாது" என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம்.

1948ல் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்துக்கு குடிசனில் கூடியவர்கள் 78,299 பேர். கடைசி வருடங்களில் அதே மைதானத்தின் கொள்ளளவு சுமார் 39,000. கிட்டத்தட்ட பாதி! மைதானம் சுருங்கவில்லை, ஜனங்கள்தான் உட்கார வைக்கப்பட்டார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில், நின்று பார்க்கும் கேலரியின் கம்பி வேலிக்குள் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த வருடம் வந்த நீதிபதி டெய்லரின் அறிக்கையைத் தொடர்ந்து, முதல் இரண்டு டிவிஷன் கிளப்புகள் 1994 ஆகஸ்டுக்குள் எல்லா இடங்களிலும் இருக்கை போட்டாக வேண்டும் என்றானது. ஒரு காலத்தில் 28,000 பேர் நின்ற ஆன்ஃபீல்டின் புகழ்பெற்ற 'காப்' கேலரியில் இருக்கை போட்டபின் சுமார் 12,000 பேருக்குத்தான் இடம்.

அந்த முடிவு தவறு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அத்தனை உயிர்கள் போன பிறகு என்ன பேச முடியும்? ஆனால் அதன் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிற்கும் கேலரியில் சத்தம் போடுகிற பையன்கள் தங்களுக்குள் ஓர் இடத்தில் கூடிக்கொள்வார்கள். டிக்கெட்டும் மலிவு. இருக்கை வந்ததும் நம்பர் போட்ட இடம், பக்கத்தில் முன்பின் தெரியாதவர், விலையும் ஏறிவிட்டது. தாத்தாக்கள் சொல்லும் அந்தப் பழைய முழக்கம், பழைய மைதானங்களில் இருந்தபடியேதான் குறைந்தது. லண்டனின் ஆர்சனல் கிளப் 2006ல் ஹைபரியை விட்டு 60,000 பேர் உட்காரும் எமிரேட்ஸுக்குப் போனபோது "சத்தமே இல்லை, நூலகம் மாதிரி இருக்கிறது" என்று கேலி செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால் 'ஹைபரி நூலகம்' என்ற பட்டப்பெயர் பழைய மைதானத்துக்கே இருந்ததுதான்!

சரி, அப்படியானால் கட்டிடத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அதற்கு வெஸ்ட் ஹாமைப் பார்க்க வேண்டும். கிழக்கு லண்டனின் இந்த கிளப் 112 வருடங்கள் இருந்த அப்டன் பார்க்கை 2016ல் விட்டு, 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய மைதானத்துக்கு வாடகைக்குப் போனது. அது ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டியது. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கும் கோலுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. கேலரியின் சரிவும் குறைவு. 2018 மார்ச்சில் பர்ன்லியிடம் 0-3 என்று தோற்ற அன்று, கோபமான ரசிகர்கள் ஆடுகளத்துக்குள்ளேயே இறங்கி, முதலாளிகள் உட்கார்ந்த இடத்துக்கு முன்னால் கூடிக் கத்தினார்கள். அந்தக் கோபத்துக்குத் தோல்வி மட்டும் காரணமில்லை, வீட்டைப் பறிகொடுத்த ஆத்திரமும் சேர்ந்திருந்தது. ஆனால் அதே வெஸ்ட் ஹாம் 2022 மார்ச்சில் ஸ்பெயினின் செவில்லாவைக் கூடுதல் நேரத்தில் 2-0 என்று வென்ற இரவில், அதே மைதானம் காது கிழியக் கத்தியது. கட்டிடம் மோசமாக இருந்தாலும், தேவை பெரிதாக இருந்தால் கூட்டம் கத்தும்.

எவர்டனுக்கும் அப்படி ஒரு தேவை வந்தது. 2022 மே 19. பிரீமியர் லீக்கிலிருந்து கீழே விழும் நிலை. கிரிஸ்டல் பாலஸுக்கு எதிராக இடைவேளையில் 0-2. கீழே விழுந்திருந்தால் பாதி கட்டிக்கொண்டிருந்த புது மைதானமே என்ன ஆகியிருக்குமோ! கீன், ரிச்சார்லிசன், கடைசியில் 85வது நிமிடத்தில் கால்வெர்ட்-லூயின் என்று மூன்று கோல்கள் அடித்து எவர்டன் தப்பித்தது. அந்த வாரங்களில் ரசிகர்கள் நீலப் புகையைக் கொளுத்திக்கொண்டு, தெருவை அடைத்து நின்று அணியின் பஸ்ஸை வரவேற்றார்கள். அத்தனையும் வெறும் 39,000 பேர், இருக்கை போட்ட கேலரி. ஆக சத்தம் மூன்று விஷயங்களில் இருக்கிறது: கூட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள், அவர்கள் ஆட்டத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள், அன்று இழப்பதற்கு என்ன இருக்கிறது. மூன்றாவது எந்த ஊரிலும் கிடைக்கும். முதல் இரண்டையும்தான் வீடு மாறும்போது மூட்டை கட்டி எடுத்துப் போக வேண்டும்.

எவர்டன் இதற்கு 20 வருடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது. முதலில் நதிக்கரையில் கிங்ஸ் டாக் என்ற இடத்தில் 55,000 இருக்கைத் திட்டம். கிளப் தன் பங்குப் பணத்தைப் புரட்ட முடியாமல் 2003ல் கைவிட்டுப்போனது. அடுத்தது கிர்க்பி. டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டோடு கூட்டுச் சேர்ந்து நகர எல்லைக்கு வெளியே ஒரு மைதானம். 2007ல் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 59 சதவீதம் பேர் சம்மதம் சொன்னார்கள். ஆனால் எதிர்த்தவர்கள் விடவில்லை. ஊரின் பெயரை வைத்திருக்கும் கிளப் ஊரை விட்டுப் போவதா, கடைக்கு ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு மைதானமா என்று பிரச்சாரம் செய்து, அரசு விசாரணை வரை போனார்கள். கடைகள் மிகப் பெரிதாக இருப்பதால் பக்கத்து ஊர்களின் வியாபாரம் கெடும் என்பது உள்ளிட்ட காரணங்களால் 2009 நவம்பரில் அரசு திட்டத்தை நிராகரித்தது. அன்று தோற்றது கிளப்பின் நிர்வாகம். இன்று திரும்பிப் பார்த்தால், வாக்கெடுப்பில் தோற்ற அந்த 41 சதவீதம்தான் சரி என்று சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் "போகவே கூடாது" என்று சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் சொன்னது "அங்கே போகக்கூடாது" என்பதைத்தான்.

இதே காலத்தில் பங்காளி வீட்டில் என்ன நடந்தது? லிவர்பூலும் ஸ்டான்லி பார்க்கில் புது மைதானம் கட்டப் போவதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. 2007ல் வந்த அமெரிக்க முதலாளிகள் ஹிக்ஸும் ஜில்லெட்டும் பெரிய படமெல்லாம் காட்டினார்கள், ஒரு செங்கல் எழும்பவில்லை. 2010ல் வந்த அடுத்த முதலாளிகள் 2012ல் ஆன்ஃபீல்டிலேயே இருப்பது என்று முடிவெடுத்தார்கள். 2016ல் பிரதான கேலரி உயர்ந்தது, 2024ல் இன்னொரு கேலரி முடிந்து கொள்ளளவு 61,000ஐத் தொட்டது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதற்கு இடம் வேண்டி மைதானத்தை ஒட்டிய தெருக்களில் வீடுகள் வாங்கப்பட்டு, வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்து, கடைசியில் இடிக்கப்பட்டன. பழைய மைதானத்தில் தங்குவதற்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. குடிசனில் அதுவும் முடியாது. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், ஒரு பக்கம் தேவாலயம், மீதி வீடுகள். உள்ளே தூண்கள் மறைத்து ஆயிரக்கணக்கான இருக்கைகளிலிருந்து ஆட்டம் சரியாகத் தெரியாது.

எவர்டனுக்கு மூன்றாவது இடம் பிராம்லி-மூர் டாக். 1848ல் திறந்த பழைய கப்பல்துறை. நகரத்துக்குள்ளே, நதிக்கரையில். கடலடியில் அள்ளிய மணலைக் கொட்டி நிரப்பி 2021ல் வேலை ஆரம்பித்தது. அதே வருடம் ஜூலையில் யுனெஸ்கோ, இந்த மைதானத்தையும் ஒரு காரணமாகச் சொல்லி, லிவர்பூல் துறைமுகத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. செலவு 75 கோடி பவுண்டைத் தாண்டியது. நிதி விதிகளை மீறியதற்காக 2023-24 சீசனில் மொத்தம் 8 புள்ளிகள் வெட்டப்பட்டன. 2024 டிசம்பரில் கிளப் கைமாறியது. புது மைதானம் கிளப்பையே கிட்டத்தட்ட விழுங்கிவிட்டிருக்கும்.

கட்டியவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தார்கள். ஓட்டப்பாதை இல்லை. தெற்குப் பக்கம் சுமார் 13,000 பேர் உட்காரும் ஒரே செங்குத்துக் கேலரி, கிளாடிஸ் தெருக் கூட்டத்தை அப்படியே கூட்டி வந்து வைப்பதற்காக. வெளிச்சுவர்ச் செங்கலில் லீச்சின் குறுக்குக் கம்பி வடிவம். மொத்தம் சுமார் 52,800 இருக்கை. 2025 மே 18 அன்று சவுத்தாம்டனுக்கு எதிராக எண்டியாயே அடித்த இரண்டு கோல்களோடு ஆண்கள் அணி குடிசனிலிருந்து விடைபெற்றது. புது மைதானத்தின் முதல் லீக் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 24, குடிசன் திறந்த அதே தேதி. பிரைட்டனை 2-0 என்று வென்றார்கள். முதல் கோலும் அதே எண்டியாயேதான்.

மூட்டை கட்டி எடுத்துப் போக முடியாத ஒன்று மட்டும் குடிசனில் இருந்தது. நூற்றுக்கணக்கான ரசிகர்களின் அஸ்தி, அவர்கள் ஆசைப்படியே, ஆடுகளத்தின் ஓரமாகப் புதைக்கப்பட்டிருந்தது. இனி இடமில்லை என்று 2004ல் கிளப் அதை நிறுத்த வேண்டியிருந்தது. மைதானத்தை இடித்து வீடு கட்டியிருந்தால் அவர்களை என்ன செய்வது? ஆர்சனலின் ஹைபரி அடுக்குமாடி ஆகிவிட்டது, அப்டன் பார்க்கும் அப்படியே. குடிசனும் அந்த வழியில்தான் போக இருந்தது. கடைசி ஆட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன் கிளப் முடிவை மாற்றி, எவர்டன் பெண்கள் அணிக்கு அந்த மைதானத்தைக் கொடுத்தது. 2025-26 சீசனிலிருந்து அவர்கள் அங்கே ஆடத் தொடங்கினார்கள்.