யார் வீட்டு வாட்ச்மேன்? விளம்பரத் தடுப்பான்களின் சின்ன வரலாறு

2024 அக்டோபர் வாக்கில் க்ரோம் பிரவுசர் பயன்படுத்துகிற பலருக்கு ஒரு சின்ன அறிவிப்பு வர ஆரம்பித்தது. இந்த எக்ஸ்டென்ஷனுக்கு இனி ஆதரவு இல்லை, அணைத்துவிட்டோம் என்கிற மாதிரி. அணைக்கப்பட்டவற்றில் பெரிய பெயர் யூபிளாக் ஆரிஜின். க்ரோமில் மட்டும் மூணு கோடிப் பேருக்கு மேல் வைத்திருந்த இலவச விளம்பரத் தடுப்பான்.

"கூகுளுக்கு விளம்பரத்துலதான் வருமானம், அதான் தடுப்பானைத் தூக்கிட்டாங்க." இதுதான் எல்லோரும் சொல்கிற கதை. தப்பில்லை, ஆனா பாதிக் கதை. மீதியைப் புரிந்துகொள்ள 2002 வரைக்கும் பின்னால் போகணும்.

மறைப்பது வேறு, தடுப்பது வேறு

வலைத்தளங்களில் பட்டை விளம்பரம் வந்தது 1994 அக்டோபரில், ஹாட்வயர்ட் என்ற தளத்தில். எட்டு வருஷம் கழித்து டென்மார்க் மாணவர் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சன், 'ஆட்பிளாக்' என்று ஒரு சின்ன நிரலை எழுதினார். அப்போது ஃபீனிக்ஸ் என்று பெயர் கொண்டிருந்த, பிற்பாடு ஃபயர்ஃபாக்ஸ் ஆன பிரவுசருக்காக எழுதியது.

அந்த முதல் ஆட்பிளாக் எதையும் தடுக்கவில்லை, மறைத்தது. விளம்பரப் படம் உங்கள் கணினிக்கு வந்து இறங்கிவிடும், கண்ணில் மட்டும் படாது. நீங்கள் வந்து போன விவரம் விளம்பரக் கம்பெனியின் சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கோரிக்கை வெளியே போவதற்கு முன்னாலேயே நிறுத்துகிற வழி அடுத்தடுத்த பதிப்புகளில்தான் வந்தது. 2005ல் ஈஸிலிஸ்ட் என்ற பொதுப் பட்டியல் தொடங்கியது, 2006ல் விளாதிமிர் பலன்ட் ஆட்பிளாக் பிளஸ்ஸை வெளியிட்டார். தன்னார்வலர்கள் பட்டியல் எழுதுவார்கள், நிரல் அதை அமல்படுத்தும். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

க்ரோம் 2008 செப்டம்பரில் வந்தது. எக்ஸ்டென்ஷன் வசதி எல்லோருக்கும் கிடைத்தது 2010 ஜனவரியில். ஆனா அங்கே கதை மறுபடி முதலிலிருந்து! கோரிக்கையை ஒழுங்காக இடைமறிக்க அதில் வழியே இல்லை. தடுப்பான் எழுதியவர்கள் பெரும்பாலும் மறைக்கிற வேலையையே செய்து சமாளித்தார்கள். 2012ல் வெளியான க்ரோம் 17இல்தான் 'வெப்ரிக்வெஸ்ட்' என்ற கதவு திறந்தது. திறந்துவிட்டதும் கூகுள்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்தக் கதவு இருந்ததால்தான் 2014ல் ரேமண்ட் ஹில் யூபிளாக்கை எழுத முடிந்தது. 2015ல் அது இரண்டாகப் பிரிந்தபோது அவர் தொடர்ந்து பராமரித்ததுதான் யூபிளாக் ஆரிஜின். நன்கொடைகூட வாங்கமாட்டேன் என்று இன்றுவரை நிற்கிற மனுஷன்.

வாட்ச்மேன் கதை

விதி மாற்றம் என்ன என்பதை ஒரு அபார்ட்மென்ட்டை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

பழைய முறையில், வாசலுக்கு யார் வந்தாலும் வாட்ச்மேன் உங்கள் ஆளுக்கு இன்டர்காமில் கூப்பிடுவார். "சார், இன்னார் வந்திருக்காரு, விடலாமா?" உங்கள் ஆள் (அதாவது எக்ஸ்டென்ஷன்) யோசித்துப் பதில் சொல்வார். ஆள் யார், யார் அனுப்பினது, இதுக்கு முன்னாடி என்ன வேஷத்தில் வந்தான், எல்லாம் பார்த்து முடிவெடுப்பார்.

புதிய முறையான மேனிஃபெஸ்ட் வி3இல் அந்த இன்டர்காம் கிடையாது. விடக்கூடாதவர்களின் பட்டியலை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடணும். வாட்ச்மேன் அதைப் பார்த்து அவரே முடிவு செய்வார். பட்டியலை எந்தப் படிவத்தில் எழுதணும், எத்தனை வரி எழுதலாம் என்பதையும் அவர் பக்கம்தான் தீர்மானிக்கும்.

இந்த வரைவு 2018 கடைசியில் வெளியே வந்தது. முதலில் சொன்ன உச்சவரம்பு 30,000 விதிகள். ஈஸிலிஸ்ட் ஒன்றுக்கே அது போதாது. 2019 ஜனவரியில் ஹில், இப்படியே அமலானால் என் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கவே முடியாது என்று பகிரங்கமாக எழுதினார். எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு ஜூனில் கூகுள் வரம்பை 1,50,000 ஆக உயர்த்துவதாகச் சொன்னது.

கூகுள் சொன்ன காரணம்

நியாயத்தையும் பார்க்கணும் இல்லையா. இன்டர்காமில் பதில் சொல்கிற ஆளுக்கு உங்கள் வீட்டுக்கு வருகிற அத்தனை பேரையும் தெரியும். அந்த ஆள் கெட்டவனாக இருந்தால்? தாங்கள் கண்டுபிடித்த தீங்கான எக்ஸ்டென்ஷன்களில் 42 சதவீதம் வெப்ரிக்வெஸ்ட்டைப் பயன்படுத்தின என்று 2019ல் கூகுள் எழுதியது. வெறும் பூச்சாண்டி இல்லை இது. 2020 அக்டோபரில் நானோ ஆட்பிளாக்கர் என்ற தடுப்பான் கைமாறியது. வாங்கியவர்கள் அதில் தீங்கான நிரலைச் சேர்த்துவிட்டார்கள். நம்பி வைத்திருந்தவர்களுக்கு அதன் பிறகுதான் விஷயமே தெரிந்தது.

இன்னொன்று. ஆப்பிள் இதே பட்டியல் முறையை 2015லேயே ஐஓஎஸ் 9இல் கொண்டுவந்துவிட்டது. ஆப்பிளின் பிழைப்பு விளம்பரத்தை நம்பி இல்லை. ஆக, பட்டியல் முறை என்றாலே சதி என்று சொல்லிவிட முடியாது.

ஆனா கூகுளின் வாதத்தில் ஒரு ஓட்டை. எடுத்தது 'தடுக்கிற' அதிகாரத்தை மட்டும்தான். வெப்ரிக்வெஸ்ட் வழியாகப் 'பார்க்கிற' வசதி மேனிஃபெஸ்ட் வி3இலும் இருக்கிறது. பால்கனியில் நின்று யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று உங்கள் ஆள் எட்டிப் பார்க்கலாம், நிறுத்த மட்டும் முடியாது. உளவு பார்க்க நினைப்பவனுக்குப் பார்த்தாலே போதுமே! மாட்டிக்கொண்டது நிறுத்த நினைத்தவன்.

அப்புறம் பணக் கணக்கு. 2023ல் கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்ஃபபெட்டின் வருமானம் சுமார் 30,739 கோடி டாலர். அதில் விளம்பரத்தில் வந்தது 23,786 கோடி, அதாவது நூற்றுக்கு 77. விளம்பரத் தடுப்பு நுட்பங்கள் தங்கள் வியாபாரத்துக்கு ஒரு ஆபத்து என்று முதலீட்டாளர்களுக்கான ஆண்டறிக்கையில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். உள்நோக்கத்தை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. வாட்ச்மேனின் சம்பளம் யாரிடமிருந்து வருகிறது என்பது தெரிந்தால் போதும்.

அப்போ என்னதான் போச்சு?

அமல் தள்ளித் தள்ளிப் போனது. 2023 ஜனவரியில் தொடங்குவதாக இருந்த திட்டத்தை 2022 டிசம்பரில் நிறுத்தி வைத்தார்கள். அதே டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. தேடல் விளம்பரங்களில் மோசடிக்காரர்கள் பிரபலக் கம்பெனிகள் போல வேஷம் போடுகிறார்கள், தேடும்போது விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் வைத்துக்கொள்ளுங்கள் என்று. தடுப்பான் என்பது எரிச்சலைக் குறைக்க மட்டும் இல்லை, பாதுகாப்புக்கும்தான் என்று ஒரு அரசாங்க அமைப்பே சொன்ன மாதம் அது.

பிறகு 2024 ஜூனில் சோதனைப் பதிப்புகளில் எச்சரிக்கை, அக்டோபரில் எல்லோருக்குமான பதிப்பிலும் அணைப்பு. 2025 நடுவில், நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்த விலக்கும் முடிந்தது.

தடுப்பான்கள் செத்துப்போகவில்லை. புது விதிக்குள் அடங்குகிற யூபிளாக் ஆரிஜின் லைட்டை ஹில்லே கொடுத்திருக்கிறார். சாதாரணப் பயன்பாட்டில் பலருக்கு வித்தியாசமே தெரியாது. போனது வேறு ஒன்று. எதிராளி புது வேஷம் போட்டால் உடனே புது வழி கண்டுபிடிக்கிற சுதந்திரம்.

ஒரு உதாரணம். சில கண்காணிப்புக் கம்பெனிகள், நீங்கள் போகும் தளத்தின் துணை முகவரி போலவே பெயரை மாற்றிக்கொண்டு வந்தன. ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன்களுக்கு முகவரியை விசாரிக்கிற வசதியைக் கொடுத்திருந்ததால், யூபிளாக் ஆரிஜின் அங்கே அந்த முகமூடியைக் கழற்றிவிட்டது. க்ரோமில் அந்த வசதி எப்போதுமே இல்லை, அதனால் அங்கே முடியவில்லை. அதே ஆள், அதே நிரல், பிரவுசர் மட்டும்தான் வேறு.

இந்த 22 வருஷக் கதையைப் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான். விளம்பரத்தைத் தடுப்பது நம்ம உரிமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அது பிரவுசர் வைத்திருப்பவர் கொடுத்த அனுமதியாகத்தான் இருந்திருக்கு. 2010ல் கொடுக்கவில்லை, 2012ல் கொடுத்தார்கள், 2024ல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மூணு தடவையும் நம்மிடம் கேட்கவில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் இன்டர்காமை எடுக்கப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறது, பழைய யூபிளாக் ஆரிஜின் அங்கே முழுசாக வேலை செய்கிறது. மாறுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். க்ரோமிலேயே இருந்தாலும் ஒரு தடவை எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து பாருங்க. தடுப்பான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம், அது அணைந்து எத்தனையோ மாசம் ஆகியிருக்கலாம். வீட்டில் பெரியவர்களுடைய கணினி இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்க. தேடலில் முதலில் வருகிற விளம்பரத்தை வங்கித் தளம் என்று நம்பி அவர்கள் அழுத்திவிடலாம்.