வீட்டுப் பத்திரத்தை யாரிடம் காட்டுவது? திருமழபாடியிலிருந்து ஒரு பதில்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது திருமழபாடி. அங்குள்ள வைத்தியநாத சுவாமி கோயில் கல்வெட்டுகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (சுமார் கி.பி. 1012-13) இந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டச் சொல்கிறான். கூடவே ஒரு நிபந்தனை: பிரிப்பதற்கு முன்னால் பழைய சுவரில் இருக்கும் கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். அப்படியே செய்தார்கள். ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026 வாக்கில், அவை புதுச் சுவரில் திரும்ப வெட்டப்பட்டன.

எங்கள் மென்பொருள் தொழிலில் இதை "பேக்கப் எடுக்காமல் சர்வரில் கை வைக்காதே" என்போம். ஆனால் அந்தக் கல்வெட்டுகள் வெறும் நினைவுக் குறிப்புகள் இல்லை. யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், யார் விளக்கெரிக்கப் பொறுப்பு என்று சொல்லும் சொத்து ஆவணங்கள். சுவர் போனால் சாட்சியும் போச்சு.

வீடு வாங்கப் போகும் நண்பர் ஒருவர் போன மாதம், "நல்ல ஆள் ஒருத்தரைச் சொல்லுங்க" என்று கேட்டார். எந்த வேலைக்கு என்று கேட்டேன். "எல்லாத்துக்கும்தான்" என்றார். அங்கேதான் சிக்கல். ஏனென்றால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அது ஒருத்தர் வேலையாக இல்லை.

சோழர் கால நில விற்பனை ஆவணங்களைப் பாருங்கள். நிலத்தைக் கோல் போட்டு அளப்பது ஒரு வேலை. நான்கு எல்லையையும் சொல்லி விலையாவணம் எழுதுவது இன்னொரு வேலை. அதை எழுதும் ஊர் மத்தியஸ்தன் கடைசியில் 'இவை என் எழுத்து' என்று தன் பெயரைப் போடுவார். அதற்குக் கீழே, தெரிந்தவர்கள் 'இப்படி அறிவேன்' என்று கையெழுத்திடுவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு பொறுப்பு.

இதை எப்படிச் சரிபார்த்தார்கள் என்பதற்கு சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நல்ல காட்சி ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டு நூல். நாயகன் சுந்தரர். திருமழபாடிக்குத் தேவாரப் பதிகம் பாடிய அதே சுந்தரர்தான். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. அங்கே சபை கேட்கும் ஆதாரம் மூன்று வகை: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. கிழவர், கிழிந்தது படியோலைதான் என்று சொல்லி மூல ஓலையை எடுக்கிறார். சபையோர் பாட்டனாரின் வேறொரு எழுத்தைக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்துகிறது. அதோடு விட்டார்களா? "இந்த ஊர்தான் என்கிறீரே, உம் வீடு எங்கே, காட்டும்" என்றும் கேட்கிறார்கள்! ஓலை சரியாக இருந்தும் தரையையும் பார்க்க வேண்டும் என்ற புத்தி அது.

இன்றைக்கும் வீடு வாங்க இந்த மூன்றையும் விட நல்ல பட்டியல் எனக்குத் தெரியவில்லை.

ஆவணம். இதற்கு சிவில் வழக்கறிஞர். மூலப்பத்திரம், பாகப்பிரிவினை, வாரிசு, விற்பனை என்று சங்கிலி அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு" என்பது போதாது. வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள்தான் வரும். உயில்கள் தனிப் புத்தகத்தில் பதிவாவதால், பதிவு செய்த உயில்கூட அதில் வராது. கோயில் ஊர்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: மனை இருப்பது கோயில் நிலமா?

பத்திர எழுத்தர் இதற்கு மாற்று இல்லை. சொன்னதை ஒழுங்காக எழுதித் தருவதுதான் அவர் தொழில். சார்பதிவாளரும் மாற்று இல்லை. 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிகிறது, உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் இந்தச் சட்டப்படி சார்பதிவாளருக்கு இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சொன்னது.

ஆட்சி. யார் அனுபவத்தில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? இதற்கு சர்வேயர். பட்டாவையும் புலப்படத்தையும் கையில் வைத்து மனையை அளந்து, பத்திரத்தில் உள்ள நான்கு எல்லையோடு ஒப்பிட வேண்டும். பத்திரத்தில் 1,200 சதுர அடி, தரையில் 1,120 என்றால் அதை வக்கீல் கண்டுபிடிக்க மாட்டார். கட்டிய வீடு என்றால் சிவில் இன்ஜினியர் ஒருவரும் வேண்டும். விரிசலையும் பார்ப்பார், கட்டடம் அனுமதி வாங்கிய வரைபடத்தின்படி இருக்கிறதா என்றும் பார்ப்பார்.

அயலார் காட்சி. இதற்குக் கட்டணம் கிடையாது. பக்கத்து வீட்டில் பத்து நிமிஷம் பேசினால், அண்ணன் தம்பி தகராறும் பாதைச் சண்டையும் தெரிந்துவிடும். இன்னும் பத்திரத்துக்கே வராத விஷயங்கள் இவை.

கடைசியாக, அந்த ஆள் யாருடைய ஆள்? தரகருக்கு வியாபாரம் முடிந்தால்தான் காசு. வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் கடன் பத்திரமாக இருக்கிறதா என்பதை. விற்பவர் சிபாரிசு செய்யும் வக்கீலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்களிடம் மட்டும் கட்டணம் வாங்குகிற ஒருவர், உங்களுக்காக, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

நண்பரிடம் சொன்னது இவ்வளவுதான். வக்கீல் போனில் "ஓகே சார், வாங்கலாம்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். எந்தெந்த ஆவணத்தைப் பார்த்தார், எது கிடைக்கவில்லை என்று சட்டக் கருத்துரையை எழுத்தில் வாங்குங்கள். கீழே அவர் கையெழுத்து இருக்கட்டும். 'இவை என் எழுத்து' என்று போடத் தயங்குகிறவர் அந்த வேலைக்குச் சரியான ஆள் இல்லை.