மும்பைத் தமிழர் வாழ்வில் நுகர்பொருள்கள்: வானொலியும் ஒளிப்படக்கருவியும் (1927 – 1993)

தமிழிலக்கியத்தில் பொருள்களின் பட்டியலுக்குக் குறைவில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த குதிரை, மிளகு, மணி, பவளம் முதலியவற்றை நிரல்படக் கூறுகிறது. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது. சிலப்பதிகாரம் புகாரின் வணிக வீதிகளையும் மதுரையின் மணிக்கடைத் தெருக்களையும் காட்டுகிறது. ஆயினும் இவற்றுள் பெரும்பகுதி விற்பவன் பக்கம் நின்று பாடப்பட்டதே. வாங்கியவன் அப்பொருளை வீட்டிற்குக் கொண்டுசென்று எங்கே வைத்தான், யாரிடம் காட்டினான், அதனால் என்ன மகிழ்ச்சி எய்தினான் என்னும் செய்திகள் அருகியே கிடைக்கின்றன. அண்மைக்கால ஆய்வுலகிலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) என்னும் நூல், ஒரு பானத்தின் வரவைக் கொண்டு ஒரு சமூகத்தின் மனநிலையையே எழுத இயலும் என்று காட்டியது. அவ்வழியில் பொருள்களைத் தொடர்ந்து ஆராய்ந்தோர் சிலரே.

மும்பைத் தமிழரைப் பற்றிய எழுத்துகளில் இக்குறை இன்னும் மிகுதி. குடிபெயர்வு, கூலி, குடிசை, சங்கம், கோயில், அரசியல் ஆகியவை பேசப்பட்டுள்ளன. அம்மக்கள் தம் மகிழ்ச்சிக்காக வாங்கிய பொருள்கள் பேசப்படவில்லை. உழைக்கும் மக்களிடையே நுகர்வு என்பது 1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்தது என்னும் பொதுக்கருத்தும் இதற்குக் காரணமாகலாம். மும்பைத் தமிழரைப் பொறுத்தவரை அக்கருத்து பொருந்தாது. அவர்களிடையே புதிய கருவிகளின் மீதான விருப்பம் முன்னரே வேரூன்றியது. அவ்விருப்பத்தின் அளவுகோல் பொருளின் புதுமை மட்டுமன்று. அக்கருவி தமிழ் பேசுமா, ஊருக்கு எடுத்துச்செல்லத்தக்கதா என்னும் இரு வினாக்களே பெரிதும் முன்னின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

களம்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அடுத்துள்ள பகுதிகளே எனினும் அங்கு வாழ்ந்த தமிழர் ஒரே தன்மையினர் அல்லர். தாராவியின் தோல் பதனிடும் தொழிலை ஒட்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் வந்தவர்களுள் திருநெல்வேலிப் பகுதியினர் மிகுதி. 1898இல் தோன்றிய பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த மனைகளில் வளர்ந்த மாட்டுங்கா, எழுத்தர், தட்டச்சர், கணக்கர் எனப் பணியாற்றிய கற்ற நடுத்தர வகுப்பினரின் இருப்பிடமாயிற்று. தென்னிந்தியக் கல்விக் கழகம் (1932), சண்முகானந்த சபை (1952) ஆகியவை அவ்வகுப்பின் ஆக்கங்கள். செம்பூரின் வளர்ச்சிக்கு 1950களில் டிராம்பேயில் எழுந்த அணுசக்தி நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் துணைநின்றன. இவற்றிற்கிடையே அமைந்தது சுனாபட்டி. சுண்ணாம்புச் சூளை என்னும் பொருளுடைய இப்பெயர் தமிழ்க் காதுக்கும் அயலானதன்று. 1886இல் ஜாம்ஷெட்ஜி டாடா வாங்கிய தரம்சி ஆலை, சுதேசி ஆலையாகி 2000ஆம் ஆண்டையொட்டி மூடப்படும் வரை இப்பகுதியின் வாழ்வை நடத்திற்று.

ஒரே பொருள் இவ்விடங்களில் வெவ்வேறு பொருளாக இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மாட்டுங்காவில் வரவேற்பறையின் அணிகலனாக இருந்த ஒன்று, தாராவியில் ஓர் அறை வீட்டின் ஒரே விலையுயர்ந்த உடைமையாக இருந்திருக்கும்.

உரிமமும் பெட்டியும்

இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் பம்பாய் நிலையம் 1927 சூலை 23 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. வானொலி வைத்திருப்போர் ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அவ்வாண்டின் இறுதியில் இந்தியா முழுவதிலும் உரிமம் பெற்றோர் 3,594 பேரே. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிப் பெட்டி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஒருவர் தம் சொந்த மகிழ்ச்சிக்காக வாங்கிய பொருளை ஆண்டுதோறும் அஞ்சலகத்திற் பதிவுசெய்து, முத்திரை பெற்றுவர வேண்டிய நிலை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. நுகர்வு என்பது தனிமனித விருப்பம் என்று கருதும் கோட்பாடுகள் இந்த உரிமப் புத்தகத்தின் முன் சற்றே தயங்கி நிற்க வேண்டியவை.

பம்பாயில் வானொலி வாங்கிய தமிழர் எதைக் கேட்டனர்? சென்னை நிலையம் 1938 சூன் 16 அன்றும் திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் ஒலிபரப்பைத் தொடங்கின. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இந்நிலையங்களின் நடுவலை ஒலிபரப்பு பகலில் பம்பாயை எட்டாது. இரவில் வானடுக்கில் பட்டுத் திரும்பும் அலையாகத் தேய்ந்தும் வளர்ந்தும் எட்டக்கூடும். எனவே சிற்றலை வசதி தமிழருக்கு ஆடம்பரம் ஆகவில்லை. அதுவே பெட்டியின் பயனாக இருந்தது. 1952இல் மத்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கத் தொடங்கிய பின் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு இந்திய நேயர்களைப் பெருமளவில் ஈர்த்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தோன்றியதும் இதன் விளைவே. இந்தி நேயர்க்கு விவித பாரதி குறைதீர்த்தது. பம்பாயில் வாழ்ந்த தமிழருக்குக் கொழும்பே நெருங்கிய தமிழ் நிலையமாகத் தொடர்ந்தது. பூகோளத்தில் அது சென்னையை விடத் தொலைவு என்பது வேறு செய்தி.

டிரான்சிஸ்டரின் வரவு இவ்வரலாற்றில் பெருந்திருப்பம். 1954இல் அமெரிக்காவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த இச்சிறு வானொலி 1960களில் இந்தியாவில் பரவியது. வால்வுப் பெட்டிக்கு மின்னிணைப்பு வேண்டும்; டிரான்சிஸ்டருக்கு மின்கலம் போதும். மின்னிணைப்பு இல்லாத குடிசைக்குள் அது நுழைய முடிந்தது இதனாலேயே. தோலுறையிட்டுத் தோளில் தொங்கவிடலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இரயிலில் உடன்கொண்டு போகலாம். தாணேயின் மர்பி போன்ற தொழிற்சாலைகள் அருகிலேயே இயங்கியதால் பம்பாய்த் தொழிலாளி வானொலியை வாங்குபவன் மட்டும் அல்லன். செய்பவர்களின் அண்டைவீட்டானும் ஆவான்.

வாங்கும் முறையும் நோக்கத்தக்கது. சீட்டு, தவணை, தீபாவளிப் போனஸ் ஆகிய மூன்றே வழிகள். போனஸ் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிலாளியின் உரிமையாயிற்று. வாங்கிய பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் இடுவதும், பூவேலை செய்த துணியால் மூடுவதும், சாமிப் படங்களுக்கு அருகில் மாடத்தில் வைப்பதும், ஆயுத பூசையன்று அரிவாள்மணைக்கும் தையல் இயந்திரத்துக்கும் பக்கத்தில் அதனை அமர்த்துவதும் தமிழர் வழக்கங்கள். இவற்றை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது சமூகவியலார் சிலரின் அவசரம். துணியுறை போர்த்தப்பட்ட வானொலி, விருந்தினர் வரும்போது உறை நீக்கப்பட்டு ஒலிக்கும். மறைப்பதும் திறப்பதும் அடங்கிய இச்செயலே துய்ப்பின் வடிவம்.

இம்மகிழ்ச்சிக்கு ஓர் எல்லையும் இருந்தது. 1966 சூன் 19 அன்று தோன்றிய சிவசேனை, அலுவலக வேலைகளில் தென்னிந்தியர் மிகுந்துள்ளனர் என்று பரப்புரை செய்தது. தென்னிந்திய உணவகங்கள் தாக்கப்பட்டன. மெல்லிய சுவர்களையுடைய சால் குடியிருப்பில் தமிழ்ப்பாட்டு எவ்வளவு உரக்க ஒலிக்கலாம் என்பது அவ்வாண்டுகளில் இரசனையைச் சார்ந்த வினாவாக மட்டும் இருந்திருக்க முடியாது.

பன்னிரண்டு படங்கள்

ஒளிப்படக்கருவி வானொலியைப் போலத் தமிழ் பேசுவதன்று. அதன் ஈர்ப்பு ஊரோடு கொண்ட உறவில் இருந்தது. வதோதராவில் தயாரிக்கப்பட்ட ஆக்பா கிளிக் 3 என்னும் எளிய கருவி, இந்திய நடுத்தர வகுப்பின் முதல் கேமரா எனலாம். 120 வகைச் சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் மட்டுமே எடுக்கலாம். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' சுருள், 1967இல் உற்பத்தி தொடங்கிய பின் கடைகளில் கிடைத்தது. பன்னிரண்டு என்னும் எண்ணிக்கை ஒரு சிக்கனத்தைக் கற்பித்தது: கோயில், குழந்தை, குடும்பம், பிறகு வேண்டுமானால் கடற்கரை. சுருள் முடியும் வரை மாதக்கணக்கில் கருவிக்குள்ளேயே காத்திருந்த படங்கள் உண்டு.

கேமரா வாங்க இயலாதோர் ஸ்டுடியோவை நாடினர். அல்லது இந்தியா நுழைவாயிலின் முன் நின்று தொழில்புரிந்த படப்பிடிப்பாளரை நாடினர். கிறிஸ்டோபர் பின்னி, மத்தியப் பிரதேசத்து நாக்டா நகரை மையமாகக் கொண்டு எழுதிய 'கேமரா இண்டிகா' (1997) நூலில், ஸ்டுடியோப் படம் ஒருவர் இருக்கும் நிலையைவிட ஆக விரும்பும் நிலையையே காட்டுகிறது என்று விளக்குவார். மும்பைத் தமிழர்க்கு இக்கருத்தை ஓரளவு திருத்தியே பொருத்த வேண்டும். அப்படத்தைக் காணவேண்டியவர் தாமல்லர். திருநெல்வேலியிலுள்ள தாயும் மாமனும் பெண் கொடுக்கவிருப்பவரும் ஆவர். கைக்கடிகாரம் தெரியும்படி முழங்கை மடித்து நிற்கும் இளைஞனின் படம் ஒரு கனவு மட்டுமன்று. அது மணியார்டரோடு செல்லும் கணக்கு அறிக்கையும் ஆகும். 1961இல் எச்.எம்.டி. கடிகாரங்கள் பெங்களூரில் உருவாகத் தொடங்கும் வரை அக்கடிகாரம் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கே.

வெளிநாட்டுச் சரக்கு என்றதும் பம்பாய்த் தமிழர் வரலாறு கடத்தற்கதையாக மாறிவிடுவது வழக்கம். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில் கடிகாரமும் டிரான்சிஸ்டரும் கடல்வழி வந்தன என்பதும், இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்திற் பிறந்த ஹாஜி மஸ்தான் அவ்வணிகத்தில் பெயர்பெற்றார் என்பதும் அறிந்தவையே. 'தீவார்' (1975), 'நாயகன்' (1987) ஆகிய திரைப்படங்கள் இவ்வுலகின் தலைவர்களைக் காவிய மாந்தர் ஆக்கின. அச்சரக்கை மனீஷ் மார்க்கெட்டிலோ நடைபாதையிலோ பேரம்பேசி வாங்கி, போலியோ என அஞ்சியபடியே வீடு சேர்த்த எழுத்தரையும் ஆலைத் தொழிலாளியையும் அவை பாடவில்லை. பட்டினப்பாலையின் மரபு அவ்வகையில் தொடர்கிறது.

1982 சனவரி 18 அன்று தொடங்கிய ஆலை வேலைநிறுத்தம் இப்பொருள்களின் மற்றொரு பயனை வெளிப்படுத்தியது. இரண்டரை இலட்சத்துக்கு அருகில் தொழிலாளர் பங்கேற்ற அப்போராட்டத்தில் பண்டங்களை விற்றும் அடகு வைத்தும் குடும்பங்கள் காலந்தள்ளின. மகிழ்ச்சிக்காக வாங்கியது சேமிப்பாகவும் இருந்தது.

ஒலிநாடாவும் தொலைக்காட்சியும்

இக்கட்டுரையின் கருதுகோளுக்கு வலுவான சான்று தொலைக்காட்சியின் வரலாறே. பம்பாய்த் தொலைக்காட்சி நிலையம் 1972 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது. மும்பைத் தமிழர் தம் ஊராரினும் ஏறத்தாழ மூன்றாண்டு முன்னரே தொலைக்காட்சியை அறிந்தவர். ஆனால் அது இந்தி, மராத்தி, குஜராத்தி, ஆங்கிலம் பேசிற்று. நாட்டளாவிய ஒளிபரப்பு வளர்ந்த பின் ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்கள் வரிசைமுறையில் காட்டப்பட்டன. தமிழ்ப்படத்தின் முறை வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்விடைவெளியை நிரப்பியது டேப் ரிக்கார்டர். 1970களின் நடுப்பகுதி முதல் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற தமிழருள் பலர் பம்பாய் வழியாகவே சென்றனர், திரும்பினர். அவர்கள் கொணர்ந்த 'டூ இன் ஒன்' வானொலியையும் ஒலிநாடாவையும் ஒரே பெட்டியில் இணைத்தது. எந்த நிலையத்தின் தயவும் இன்றித் தமிழ் கேட்க முடிந்த முதல் எளிய கருவி இதுவே. இசைத்தட்டு அதற்கு முன்பே இருந்ததெனினும் அதில் தன் குரலைப் பதிய இயலாது. எழுதப்படிக்கத் தெரியாத தாயும் மகனுக்குக் 'கடிதம்' அனுப்ப ஒலிநாடா வழிசெய்தது. பீட்டர் மானுவல் வட இந்தியக் கேசட் பண்பாட்டையும் (1993) பால் கிரீன் தமிழகச் சிற்றூர் ஒன்றில் கேசட் ஒலிக்கும் வழக்கத்தையும் (1999) ஆராய்ந்துள்ளனர். புலம்பெயர் தமிழரின் குரல்மடல்கள் அத்தகைய ஆய்வுக்கு உரியவை.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. கம்பிவட இணைப்பு பெற்ற மும்பை வீட்டில் தொலைக்காட்சி நாள்தோறும் தமிழ் பேசத் தொடங்கியது அதன்பின் நிகழ்ந்ததே. தாராளமயம் கொணர்ந்தது விருப்பத்தை அன்று. முன்பிருந்த விருப்பத்துக்குக் கிடைத்த மொழியை.

சான்றுகளின் நிலை

மும்பையில் 1988இல் எழுத்தாளர் அம்பை நிறுவிய ஸ்பாரோ ஆவணக்காப்பகம், பெண்களின் குரலையும் படத்தையும் வரலாற்றுச் சான்றாகப் பேணி வருகிறது. அத்தகைய முயற்சி இல்லங்களிலுள்ள உரிமப் புத்தகம், தவணைச் சீட்டு, படச்சுருள், குரல்மடல் ஆகியவற்றுக்கும் விரிய வேண்டியது உடனடித் தேவை. தாராவியின் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியுள்ளது. தரைத்தளக் குடியிருப்பை இலவச வீட்டுக்குத் தகுதியாக்கும் எல்லைநாள் 2000 சனவரி 1. ஆகவே குடும்பங்கள் பழைய தாள்களை வெளியே எடுத்துக்கொண்டிருக்கும் காலம் இது. சான்றாகப் பயன்படுவதைப் பத்திரப்படுத்தி, பயன்படாததைக் கழித்துவிடுவர். கழிக்கப்பட்டவை நெடுந்தொலைவு செல்வதில்லை. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் நகரத்தின் நெகிழிக் கழிவு நிறம்பிரிக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, குருணையாகி மீண்டும் தொழிற்சாலைக்குச் செல்கிறது. வானொலியின் மேலோடும் ஒலிநாடாவின் பேழையும் அவ்வரவையில் சேரக்கூடியவையே.